லபோர்த்: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் புதுச்சேரியும்

தந்தையிடமிருந்து மக்களுக்கும் அவர்களிடமிருந்து பேரர்களுக்கும் எழுத்து மாறாமல் இறங்கிவரும் பெயரைப் பிரெஞ்சுச் சட்டம் ‘நோம் பத்ரொனிமிக்’ என்று வழங்கியது. தமிழில் அதைக் குடும்பப் பெயர் எனலாம். புதுச்சேரித் தமிழரில் ஒரு பகுதியினர்க்கு இத்தகைய பெயர் சட்டப்படி அமைந்தது 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் ஆகும். அந்த ஆணைக்கு வழிவகுத்தோரில் முதன்மையாக எண்ணப்படுபவர் வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. அவர் தமக்கும் தம் வழியினர்க்கும் தேர்ந்துகொண்ட குடும்பப் பெயர் லபோர்த். பிரான்சில் அப்பெயர் பிறந்த வகை, அதன் பொருள், அதன் பரவல், புதுச்சேரியில் அது ஏற்கப்பட்ட சூழல், அதே ஆணையின்கீழ் பிறர் ஏற்ற பெயர்களின் இயல்பு ஆகியவை இச்சொற்பொழிவின் பொருளாகும். புதுச்சேரியின் பிரெஞ்சுப் பெயர்களை ஆட்சியாளரைப் பார்த்து அணிந்துகொண்ட அணிகலன்களாக மட்டும் கொள்ளும் பார்வை நெடுநாளாக இருந்துவருகிறது. அப்பெயர்கள் தமிழ்ச் சமூக வரலாற்றின் ஒரு பகுதி, குறிப்பாகச் சாதிப் பட்டத்தை நீக்கி எழுதிய வரலாற்றின் முற்பகுதி என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

லபோர்த் என்னும் பெயர் இலத்தீன் மொழியில் வாயிலைக் குறிக்கும் ‘போர்த்தா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பிரெஞ்சு வடிவமான ‘போர்த்’ என்பதோடு, பெண்பாற் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் ‘லா’ என்ற சார்படை ஒட்டிக்கொண்டது. இடைக்காலப் பிரெஞ்சு நகரங்கள் மதில் சூழ்ந்தவையாக இருந்தன. இரவில் அடைபட்டு விடியலில் திறக்கும் மதில் வாயில்களின் அருகே சுங்கம் தண்டப்பட்டது, சந்தைக்கு வருவோர் கூடினர், அங்கேயே குடியிருப்புகளும் வளர்ந்தன. ஒரே ஊரில் பியேர் என்றும் ழான் என்றும் பலர் இருந்தபோது, வாயிலடியில் குடியிருந்த பியேரை அக்கம்பக்கத்தார் ‘வாயில் பியேர்’ என்று சுட்டினர். பதினோராம் நூற்றாண்டு முதல் மெல்ல மெல்ல நிலைபெற்ற இவ்வழக்கில் அச்சுட்டு அவர் மக்களுக்கும் ஒட்டி, வாயிலைவிட்டு நெடுந்தொலைவு பெயர்ந்த பின்பும் நீங்காமல் நின்றது. வாயிலைக் காத்தவர்க்கு ‘போர்த்தியே’ என்ற தனிப் பெயர் இருந்தமையால், லபோர்த் பெரும்பாலும் தொழிலைவிடக் குடியிருப்பையே குறித்ததெனக் கொள்வது பொருந்தும். வடக்கில், குறிப்பாக நோர்மாந்திப் பகுதியில், ‘வாயிலிலிருந்து வந்த’ என்று பொருள்படும் தெலபோர்த் மிகுதி. தென்மேற்கில், போர்தோ நகரைச் சூழ்ந்த ழிரோந்து, தொர்தோன்ய் போன்ற மாவட்டங்களில், லபோர்த் மிகுதி. ‘லா போர்த்’ என்றே பெயர் பெற்ற சிற்றூர்கள் பலவாதலால், சில குடும்பங்களுக்கு அப்பெயர் மதில் வாயிலிலிருந்து நேரே வராமல் ஊர்ப் பெயர் வழியாக வந்திருக்கும்.

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பர். மர்த்தேன், தொமா போன்றவை ஞானஸ்நானப் பெயரிலிருந்து வந்தவை; கொல்லரைக் குறிக்கும் லெஃபேவ்ர், அடுமனையாளரைக் குறிக்கும் ஃபூர்னியே போன்றவை தொழிலிலிருந்து வந்தவை; பெத்தி, லெபிளான் போன்றவை உருவத்தையும் நிறத்தையும் சுட்டியவை; துபுவா, துபோன், லபோர்த் போன்றவை காடு, பாலம், வாயில் என்று இருப்பிடத்தைச் சுட்டியவை. பிரான்சில் எங்கும் கேட்டுப் பழகிய பெயர்களுள் லபோர்த்தும் ஒன்று. குடியேறிகளுடன் அது கடல் கடந்து கனடாவின் கெபெக் மாநிலத்திலும் வேரூன்றியது. 1970 அக்டோபரில் பிரிவினைவாதிகளால் கடத்திக் கொல்லப்பட்ட அமைச்சர் பியேர் லபோர்த் அம்மாநிலத்தவர். பிரெஞ்சு ரக்பி அணியின் பயிற்சியாளராக இருந்து பின்னர் விளையாட்டுத் துறையின் பொறுப்பேற்ற பெர்னார் லபோர்த்தை இக்காலத்தவர் அறிவர்.

இப்பெயரைச் சேர்த்து எழுதுவதும் ‘லா போர்த்’ எனப் பிரித்து எழுதுவதும் உண்டு. பிரித்து எழுதுவது பிரபுக் குலத்தைக் காட்டும் என்பது பரவலான நம்பிக்கையே தவிர உறுதியான சான்றாகாது. கர்தினால் ரிஷ்லியேவின் தாய் சுய்சான் தெ லா போர்த் ஆவார். அவ்வழியில் வந்த ஷார்ல் தெ லா போர்த் 1639இல் பிரான்சின் மார்ஷலானார். அதே காலத்தில் தென்மேற்கு நாட்டுப்புறங்களில் உழவரும் தச்சரும் அதே பெயரைத் தாங்கினர். பிறப்பின் உயர்வு தாழ்வை இப்பெயர் தன்னளவில் சொல்வதில்லை என்ற இவ்வியல்பைப் புதுச்சேரி வரலாற்றுக்கு வரும்போது நினைவிற் கொள்ள வேண்டும்.

மக்கள் வாயில் பிறந்த பெயர்களை அரசு தன் ஏட்டில் கட்டிப்போட்ட காலம் பிந்தியது. 1539ஆம் ஆண்டின் வில்லேர்-கொத்ரே ஆணை ஞானஸ்நானப் பதிவைக் கட்டாயமாக்கியது. 1792 செப்டம்பரில் பதிவுப் பணி கோவில் பங்குகளிடமிருந்து நகராட்சிகளுக்கு மாறியது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கலாகாது என்று 1794ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பெயர் இல்லாதவர்க்குப் பெயர் தருவது அதன்பின் அரசின் வேலையாயிற்று. 1808இல் நெப்போலியன் ஆணையால் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் ஏற்க வேண்டியதாயிற்று. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது கரிபியத் தீவுகளிலும் ரெயூனியோன் தீவிலும் விடுதலை பெற்றவர்கள் பதிவு அலுவலர் எழுதிய பெயர்களைப் பெற்றனர். 1882 மார்ச் 23ஆம் நாள் சட்டத்தால் அல்ஜீரியாவின் முஸ்லிம்கள்மேல் குடும்பப் பெயர் கட்டாயமாகச் சுமத்தப்பட்டது. அல்ஜீரியச் சட்டத்துக்கு ஓராண்டுக்குள் முந்திய புதுச்சேரி ஆணையின் தனித்தன்மை இங்கே தெளிவாகும்: அது எவரையும் வற்புறுத்தவில்லை, விரும்பி வந்தவர் தம் பெயரைத் தாமே சொல்ல, அலுவலர் அதை எழுதிக்கொண்டார்.

புதுச்சேரித் தமிழர்க்கு 1881க்கு முன் பிரெஞ்சுப் பொருளில் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைத்து, இறுதியில் பிள்ளை, முதலியார், செட்டியார், நாயக்கர் என்ற சாதிப் பட்டத்தைச் சேர்த்தெழுதும் வழக்கமே இருந்தது. பட்டம் என்பது குடும்பத்தைச் சுட்டாமல் சாதியைச் சுட்டியது. பட்டம் சேர்த்தெழுதும் உரிமையே ஊரார் சிலர்க்கு ஒப்பியதாகவும் பலர்க்கு மறுத்ததாகவும் இருந்தது. தெலுங்கு மரபினர்க்கு இருந்த ‘இண்டிப் பேரு’ போன்ற வீட்டுப் பெயர் தமிழரிடையே பொதுவழக்காக இல்லை. கத்தோலிக்கத் தமிழர் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்களும் தமிழ் வடிவில்தான் வழங்கின: பேதுரு இராயப்பன் எனவும், பவுல் சின்னப்பன் எனவும், யோவான் அருளப்பன் எனவும், யோசேப்பு சூசை எனவும் அழைக்கப்பட்டனர்.

சட்டமும் இந்த அமைப்பை ஒட்டியே இருந்தது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்திய 1819 சனவரி 6ஆம் நாள் கட்டளை, இந்தியர்கள், அவர்கள் கிறித்தவராயினும் முஸ்லிமாயினும் இந்துவாயினும், முன்போலவே தத்தம் சாதியின் சட்டங்கள், பழக்கங்கள், வழக்கங்களின்படியே தீர்ப்பளிக்கப்படுவர் என்று உறுதி கூறியது. அவ்வழக்கங்கள் யாவை என்று நீதிமன்றத்துக்கு எடுத்துரைக்க 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றும் அமைந்தது. திருமணம், தத்து, வாரிசுரிமை ஆகிய குடும்ப வாழ்வின் எல்லாப் பொருள்களிலும் சாதி வழக்கமே சட்டமாக நின்ற இந்நிலைக்குத் ‘தனிநபர் நிலை’ என்று பெயர். பழக்கத்தை மதிப்பது என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது உண்மை. ஆயினும் சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டவர்க்கு, அப்படிநிலையே அரசின் முத்திரையோடு திரும்பி வந்ததும் அவ்வளவே உண்மை.

இந்த நிலையில்தான் 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் சப்பாத்து வழக்கு எழுந்தது. உள்நாட்டு உடையில் வருவோர் காலணியைக் கழற்றிவிட்டே நீதிமன்றத்துக்குள் வரவேண்டும் என்பது அக்கால நடப்பு. பொன்னுத்தம்பி ஐரோப்பியச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து வழக்காட வந்தார். நீதிபதி அதை ஒழுங்கு மீறலாகக் கொண்டு அவர்மேல் நடவடிக்கை எடுத்தார். அவர் அத்துடன் அடங்கவில்லை. வழக்கைப் பாரிசின் உச்சநிலை மன்றமான கசாசியோன் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். பின்னாளில் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த ழூல் கொதேன் என்ற வழக்குரைஞர் அவர்க்குத் துணைநின்றார். தீர்ப்பு பொன்னுத்தம்பியின் பக்கமே அமைந்தது. சப்பாத்து சிறிய பொருளாகத் தோன்றலாம். நீதிமன்றத்தின் வாசற்படியில் ஒருவன் காலில் எது இருக்கலாம் என்பதைச் சாதியும் இனமும் முடிவு செய்த காலத்தில், அதைச் சட்டத்தின்முன் கேள்வியாக வைக்கத் தனித்துணிவு வேண்டியிருந்தது. ஒரு புதுச்சேரித் தமிழர் பாரிஸ் வரை சென்று பெற்ற அத்தீர்ப்பு, பிரெஞ்சுச் சட்டத்தின் சமத்துவக் கொள்கை இந்தியர்க்கும் உரியதா என்ற பெரிய கேள்விக்கு முதல் விடையாயிற்று.

அடுத்த எட்டாண்டுகளில் கேள்வி விரிந்தது. 1880ஆம் ஆண்டு ஆணையொன்று பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை, அதாவது புதுச்சேரி வழக்கில் ‘எத்தா சிவில்’ எனப்படுவதை, உள்நாட்டார்க்கும் நீட்டியது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையோ, 21 வயது நிறைந்த இந்தியர் எவரும், எச்சாதியினராயினும் எம்மதத்தினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், தம் தனிநபர் நிலையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்று வழிசெய்தது. துறவு என்று பொருள்படும் ‘ரெனோன்சியாசியோன்’ என்பது அச்செயலின் பெயர். அதைச் செய்தவர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார். துறந்தது குடும்பத்தையோ மதத்தையோ அன்று, சாதி வழக்கத்தின் ஆட்சியை மட்டுமே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ரெனோன்சான் என்றாலே கிறித்தவராக மாறியவர் என்று கொள்ளும் தவறான எண்ணம் இன்றும் உலவுகிறது.

செயல்முறை எளியது. துறக்க விரும்புபவர் தம் திருமணப் பதிவின்போது பதிவு அலுவலர் முன்போ, அமைதி நீதிபதி எனப்பட்ட சிறுவழக்கு நீதிபதி முன்போ, நொத்தேர் எனப்படும் பத்திரப் பதிவாளர் முன்போ, சாட்சிகளுடன் தோன்றித் தம் விருப்பத்தைக் கூறினார். தமக்கும் தம் வழியினர்க்கும் ஏற்கும் குடும்பப் பெயரை அதே பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்பது ஆணையின் விதி. துறவு இறுதியானது, மீட்க இயலாதது. அது மனைவியையும் வயது நிரம்பாத மக்களையும் சேர்த்தே கட்டியது. வயது நிரம்பிய மக்களும் உடன்பிறந்தாரும் தனித்தனியே துறக்க வேண்டியிருந்ததால், ஒரே தந்தையின் மக்கள் இரு வேறு குடும்பப் பெயர்களோடு இரு கிளைகளாகப் பிரியும் வாய்ப்பும் இருந்தது. பெயரோடு வந்த சட்டப் பயன்கள் பெரியவை. ஆண் மக்களும் பெண் மக்களும் தந்தை சொத்தில் சம பங்கு பெறும் விதி அவற்றுள் தலையாயது. இந்தியாவில் இந்து மகளிர்க்கு வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956இல் என்பதை ஒப்புநோக்கினால், ஒரு ரெனோன்சான் குடும்பத்தின் மகள் முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே அவ்வுரிமையின் பாதுகாப்பில் இருந்தாள் என்பது விளங்கும்.

பொன்னுத்தம்பி தாமே இவ்வாணையைப் பயன்கொண்ட முன்னோடிகளில் ஒருவராக லபோர்த் என்ற பெயரை ஏற்றார். பிறர்க்கு வாயில் திறந்துவிட்டவர் என்ற பொருள்பட அவர் அதைத் தேர்ந்தார் என்று புதுச்சேரியில் சொல்லப்பட்டு வருகிறது. அவர் மனத்தில் இருந்தது எதுவாயினும், தேர்வின் இரு கூறுகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. முதலாவது, பிள்ளை என்ற பட்டம் அவர் வழியினரின் சட்டப்படியான பெயரிலிருந்து நீங்கியது. இரண்டாவது, அவர் ஏற்றது பிரபுக் குலத்தை மட்டும் நினைவூட்டும் பெயரன்று. பிரான்சில் மார்ஷலும் உழவரும் ஒருங்கே தாங்கிய பெயர். பிரான்சின் லபோர்த்துகளுக்கு அப்பெயரை அக்கம்பக்கத்தார் சூட்டினர்; அவர்களுள் எவரும் அதை விரும்பிக் கேட்கவில்லை. புதுச்சேரியின் லபோர்த் தம் பெயரைத் தாமே நினைந்து, சொல்லி, கையொப்பமிட்டு எடுத்துக்கொண்டார். ஒரே எழுத்துகளாயினும் இரண்டும் பிறந்த வகை வேறு. பின்னதை முன்னதன் நகலென்று கொள்வது பிழை.

தமிழ்நாட்டில் பெயரோடு ஒட்டிய பட்டத்தை நீக்கும் முடிவு 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் எடுக்கப்பட்டது. அதன் பெருமை குறைவற்றது. அதற்கு 48 ஆண்டுகள் முன்பே புதுச்சேரியில் அரசுப் பதிவேட்டின் வழியாகப் பட்டம் நீங்கிய பெயர்கள் எழுதப்படலாயின என்ற செய்தி தமிழ்ச் சமூகச் சீர்திருத்த வரலாறுகளில் போதிய இடம் பெறவில்லை. இரண்டின் தன்மையும் வேறு: ஒன்று கூட்டியக்கம், மற்றொன்று ஒவ்வொருவரும் தனித்து வந்து இட்ட கையொப்பம். வேறுபாட்டை ஏற்ற பின்பும், முந்தியதை முந்தியதென்று எழுதுவதே வரலாற்றுக்கு நேர்மை.

லபோர்த்தின் புகழால், ரெனோன்சான்கள் யாவரும் பிரெஞ்சுச் சொற்களையே பெயராக ஏற்றனர் என்ற தோற்றம் உண்டாகியுள்ளது. பெயர்ப் பட்டியல்களை நோக்குவோர்க்கு அது சரியன்று என்பது புலனாகும். சிலர் தந்தையின் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக உறையவைத்தனர். சிலர் தாவீத், சவியே, புரொஸ்பேர் போன்ற ஞானஸ்நானப் பெயர்களைக் குடும்பப் பெயராக்கினர். சிலரே பிரெஞ்சுப் பொதுச்சொல்லையோ பிரான்சில் வழங்கிய குடும்பப் பெயரையோ எடுத்தனர். புதுச்சேரி நகராட்சித் தலைவராக இருந்த ழொசேஃப் தாவீத், 1946 முதல் 1951 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக இருந்த லம்பேர் சரவணன், திருக்குறளைப் பிரெஞ்சில் பெயர்த்த ஞானு தியாகு ஆகியோரின் பெயர்களிலேயே இவ்வகைகளின் சாயலைக் காணலாம். முதற்பெயர் பிரெஞ்சாகவும் குடும்பப் பெயர் தமிழாகவும் அமைந்த சேர்க்கையே புதுச்சேரியின் தனி முத்திரை.

உறைந்த தமிழ்ப் பெயர்களின் எழுத்துமுறை தனியே நோக்கத்தக்கது. பிரெஞ்சில் இரு உயிரெழுத்துகளுக்கிடையே தனித்து வரும் ‘எஸ்’ அதிர்வொலி பெறும். எனவே இராமசாமி, அன்னுசாமி, கிருஷ்ணசாமி போன்ற பெயர்களின் சகரத்தைக் காக்க எழுத்தர்கள் அவ்வெழுத்தை இரட்டித்தனர். சொல்லின் இறுதியில் வரும் னகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அதைத் தடுக்கச் சரவணன், நாதன் போன்ற பெயர்களின் முடிவில் ஒலிக்காத ‘எ’ ஒன்று சேர்க்கப்பட்டது. உகரத்துக்கு ஆங்கிலேயர் ‘யூ’ என்ற ஓரெழுத்தை இட்ட இடத்தில் பிரெஞ்சு எழுத்தர் ‘ஓ’, ‘யூ’ என இரண்டை இட்டனர். சண்முகத்தின் முதலெழுத்துக்கு ‘சி’, ‘எச்’ என்ற இணை அமைந்தது. இதனால் முத்து என்ற ஒரே பெயர் கடலூரில் ஒருவகையாகவும், அங்கிருந்து ஒருமணிப் பயணத்துக்குள் அமைந்த புதுச்சேரியில் வேறுவகையாகவும் எழுதப்பட்டு, எழுத்தைக் கண்டே எந்த ஆட்சியின் பதிவேட்டில் பிறந்த பெயர் என்று சொல்லும்படி ஆயிற்று. இன்று உலகின் எந்த விமான நிலையத்திலும் இரட்டை ‘எஸ்’ கொண்ட ஒரு சாமியைக் கண்டால், அக்குடும்பத்தின் வேர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியொன்றில் இருந்ததென ஊகிக்கலாம். அவ்வூகம் பெரும்பாலும் பொய்க்காது.

பெயர் மாற்றம் சாதியை ஒழித்ததா என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. துறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்; அவர்களுள்ளும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் மிகுதி. வேளாளக் கிறித்தவரில் ஒரு பகுதியினரும் இந்துக்களில் சிறு தொகையினரும் துறந்தனர். முஸ்லிம்கள் ஏறத்தாழ முற்றும் விலகி நின்றனர். சாதி வழக்கம் காக்கப்பட வேண்டும் என்ற பெரும்பான்மையின் எதிர்ப்புக்குச் சண்முக வேலாயுத முதலியார் தலைமை தாங்கினார். அவர் கட்சியே நெடுங்காலம் புதுச்சேரி அரசியலை ஆண்டது. இங்கே ஒரு குறிப்பு தேவை: பிரெஞ்சிந்தியர்க்கு வாக்குரிமை 1870களிலேயே துறவின்றி வழங்கப்பட்டிருந்தது, ஆதலால் வாக்குக்காகத் துறந்தனர் என்ற கூற்று காலவரிசைக்கு ஒவ்வாது. ஆனால் 1884ஆம் ஆண்டு ஆணை ஐரோப்பியர், ரெனோன்சான், துறவாதார் என வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்ததும், துறவுக்கு அரசியல் விலை ஒன்று ஏறியது. 1899இல் பட்டியல்கள் இரண்டாகச் சுருக்கப்பட்டபோது, துறந்து ஆண்டுகள் பல கழிந்தவர், பிரெஞ்சு அறிந்தவர் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றிய ரெனோன்சான்களே ஐரோப்பியரோடு சேர்க்கப்பட்டனர். ஏனையோர் பெரும்பான்மைப் பட்டியலில் கரைந்தனர். சட்டத்தின்முன் முழுச் சமம் என்று சொல்லி அழைத்த குடியரசு, பதினெட்டு ஆண்டுகளில் அச்சமத்துக்குப் படிகள் கட்டியது வருந்தத்தக்கது. பட்டியல் முறை முற்றும் ஒழிந்தது 1945இல். ஊருக்குள்ளோ, பத்திரத்தில் நீங்கிய சாதி தெருவிலும் கோவில் பங்கிலும் மணவினையிலும் நீங்கிவிடவில்லை. எனினும், தன்னைத் தாழ்ந்தவன் என்று அறிவிக்காத ஒரு பெயரைத் தன் மகனுக்குப் பள்ளியில் எழுதிக்கொடுக்கும் உரிமை சிறிதன்று. அதைப் பெற்ற குடும்பங்கள் அதன் மதிப்பை அறிந்திருந்தன.

இப்பெயர்கள் கடல் கடந்தும் சென்றன. 1862 முதல் பிரான்சின் ஆட்சிக்கு வந்த கொச்சின்சீனாவில், குறிப்பாகச் சைகோன் நகரில், வரி அலுவலர், காவலர், எழுத்தர், நீதித்துறைப் பணியாளர் எனப் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் அமர்ந்தனர். அங்கே ரெனோன்சான்கள் தம்மைப் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தக் கோரி வாக்குரிமைக்கும் ஊதியச் சமத்துக்கும் போராடினர். ரெயூனியோன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் பெயர் வரலாறு இதற்கு நேர்மாறானது: அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, கப்பல் ஏட்டில் எழுதப்பட்ட தனிப்பெயரே வழியினரின் குடும்பப் பெயராக நின்றது. ரெயூனியோன் அரசியலாளர் ழான்-போல் வீரப்புள்ளேயின் குடும்பப் பெயரில், புதுச்சேரியின் லபோர்த் துறந்த ‘பிள்ளை’ என்ற பட்டம் பிரிக்க முடியாதபடி உறைந்திருப்பதைக் காணலாம். குவாதலூப்பில் ஆன்றி சிதம்பரம், இந்திய வழியினர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி 1904 முதல் தொடர்ந்து போராடி 1923இல் வென்றார். பொன்னுத்தம்பியும் சிதம்பரமும் நேரில் கண்டவர்கள் அல்லர். ஆயினும் ஒரே சட்டக் கொள்கையை அதன் சொந்தச் சொற்களாலேயே மடக்கிய இரு தமிழர்கள் என்ற முறையில் அவர்கள் ஒருங்கே எழுதப்படத் தக்கவர்கள்.

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28ஆம் நாள் கையொப்பமான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினோர் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிவித்தவர் சுமார் ஐயாயிரவர். ரெனோன்சானும் இவ்வாறு தெரிவித்தவரும் ஒரே கூட்டத்தார் எனப் பலர் மயங்குகின்றனர், அது பிழை. ரெனோன்சானாகப் பிறந்து இந்தியரானவரும் உண்டு; துறவு செய்யாத குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்தவரும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் பென்சன் பெறுவோரை ஊரார் ‘சொல்தா’ என்றழைக்கும் வழக்கில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன. சட்டமோ வேறுபாட்டை மறக்கவில்லை: 1963இல் இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டப்பட்டபோது, அவை ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்ற விலக்கு எழுதிச் சேர்க்கப்பட்டது. ஆகவே இந்தியக் குடிமக்களில் ஒரு சிறு பகுதியினர் இன்றும் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் வழிவந்த விதிகளால் ஆளப்படுகின்றனர். அவர்களை இனங்காட்டும் முதற் சான்று, மூதாதையின் துறவுப் பத்திரமும் அதில் எழுதிய குடும்பப் பெயருமே ஆகும்.

லபோர்த் பிரான்சில் பெருகியது போலப் புதுச்சேரியில் பெருகவில்லை. துறவுப் பெயர் ஏற்றவரின் வழியினர்க்கே உரியது என்பதாலும், அவ்வழியினர் பலர் நாடு பெயர்ந்ததாலும், நகரில் அப்பெயரைப் பலரும் காண்பது லபோர்த் வீதியின் பலகையில்தான். பெயர் விதிகளும் நெகிழ்ந்துவிட்டன: 2005 முதல் பிரான்சில் பிறக்கும் குழந்தை தாயின் பெயரையோ இரு பெயர்களையுமோ ஏற்கலாம்; 2022 முதல் வயது வந்தவர் தாய்வழிப் பெயருக்கு எளிதில் மாறலாம். இன்னும் இரண்டு தலைமுறையில், 1881இல் ஏற்ற பெயர்கள் பல புழக்கத்திலிருந்து மறையக்கூடும்.

ஆவணங்களோ சிதறிக் கிடக்கின்றன. பிரெஞ்சுக் குடிமக்களின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவுகள் நாந்த் நகரில் உள்ளன; குடியேற்ற நாட்டு ஆவணங்கள் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரில் உள்ளன; புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையில் ஒரு பகுதி உள்ளது. கடற்கரையில் நின்ற பழைய மேரிக் கட்டடம், அதாவது நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, 2021இல் மீண்டும் எழுந்தது. கட்டடத்தை மறுபடி கட்டலாம், கரைந்த தாளை மறுபடி எழுத முடியாது. வீட்டுப் பெட்டிகளில் மூதாதையின் துறவுப் பத்திரத்தையோ அதன் படியையோ வைத்திருக்கும் குடும்பங்கள் அதைப் படியெடுத்து ஆவணக் காப்பகத்திலோ ஆய்வு நிறுவனங்களிலோ சேர்த்திட வேண்டும். பெயரின் பிரெஞ்சு எழுத்தோடு அதன் தமிழ் வடிவத்தையும், அதை ஏன் தேர்ந்தனர் என்று வீட்டில் சொல்லப்படும் காரணத்தையும், முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிச் சேர்த்தல் வேண்டும். பல்கலைக்கழகமும் அரசும் அப்பெயர்களை ஒரு நூலாகத் தொகுத்து வெளியிடும் பணியைக் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும் என்பதே இவ்வவையின் முன் வைக்கப்படும் வேண்டுகோள்.